குடி நின்ற பிறகும் நிற்காத மனம்

(குடிநோயிலிருந்து மீண்டு வருபவர்களும் அவர்களது குடும்பத்தினரும் கூடிய அவையில் மனநல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடியை நிறுத்திச் சில வாரங்கள் ஆனவரிடம் "இப்ப எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால், கைநடுக்கத்தையோ குமட்டலையோ அவர் சொல்வதில்லை. அவை பெரும்பாலும் பத்து நாளில் அடங்கிவிடுகின்றன. "தலைக்குள்ள ஓயவே மாட்டேங்குது சார்" என்கிறார்.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. மனைவியின் வளையல் எந்த அடகுக் கடையில் மூழ்கிப்போனது என்பதில் தொடங்குகிறது நினைவு. அப்பாவைத் தூக்கிச் சென்ற நாளில் கொள்ளி வைக்கக்கூட நிதானம் இல்லாமல் கிடந்தது வருகிறது. மகளின் பள்ளி ஆண்டு விழாவில் தள்ளாடிக்கொண்டு நின்றது வருகிறது. அப்புறம் மனம் முன்பக்கம் ஓடுகிறது. மேஸ்திரி மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்வாரா? மச்சினன் கல்யாணத்தில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து குடிப்பார்களே, எப்படிச் சமாளிப்பது? எத்தனை நாளைக்கு இது தாங்கும்? விடிவதற்குள் ஒரு முடிவு வந்துவிடுகிறது: "நான் தேற மாட்டேன்." பகல் 12 மணிக்கு டாஸ்மாக் கடை திறக்கும்போது அந்த முடிவு அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

இன்று நான் சொல்ல வந்திருப்பது ஒன்றுதான். இந்த எண்ணங்களோடு வாதாடி ஜெயிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "நான் ஏன் இப்படி ஆனேன்?" என்ற கேள்வியிலிருந்து "அடுத்த அரை மணி நேரம் என்ன செய்யப்போகிறேன்?" என்ற கேள்விக்கு மாறக் கற்றுக்கொள்ள வேண்டும். மீட்சியின் முதல் ஆண்டில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை. எதற்காக இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

முதல் மாதத்துத் தீர்ப்பு

முதலில் உடம்பைப் பார்ப்போம். நம் மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் ஒன்று உண்டு, அதன் பெயர் காபா. நரம்புகளைத் தூண்டிவிடும் வேதிப்பொருள் ஒன்றும் உண்டு, அது குளூட்டமேட். மது முதலாவதன் வேலையைக் கூட்டுகிறது, இரண்டாவதை அமுக்கிவைக்கிறது. வருடக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை இதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பிரேக்கின் மேல் ஒரு கால் எப்போதும் அழுந்தியே இருப்பதால், வண்டியை நகர்த்த ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஓட்டுவதைப் போன்றது அது. குடி திடீரென்று நிற்கும்போது பிரேக் விடுபடுகிறது, ஆக்சிலரேட்டர் மட்டும் அப்படியே இருக்கிறது. படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத பயம் எல்லாம் இதனால் வருபவை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் தினசரி குடித்தவர் வீட்டில் படுத்தபடி தானாகவே சட்டென்று நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் நினைவு குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். அது உயிரையே பறிக்கக்கூடிய நிலை. மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசி முதற்கொண்டு மருத்துவமனையில் தரப்படும் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

இந்த உடல் கொந்தளிப்பு எண்ணங்களோடு எப்படிச் சேருகிறது? 1988இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் சான் டியாகோவில் மனநல மருத்துவர் மார்க் ஷக்கிட்டும் சாண்ட்ரா பிரவுனும் குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 191 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். சேர்ந்த புதிதில் அவர்களில் 42 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. நான்காவது வாரத்தில் அது 6 சதவீதமாகக் குறைந்திருந்தது. குடிக்காமல் இருந்த நாட்களே பெரும்பாலானவர்களின் சோர்வைக் கரைத்துவிட்டன.

அப்படியானால் முதல் வாரத்தில் "என் வாழ்க்கை முடிஞ்சுபோச்சு" என்று உங்களுக்குத் தோன்றியதே, அது உங்கள் வாழ்க்கையைப் பற்றிய உண்மையா? பெருமளவுக்கு அது, மது வெளியேறிக்கொண்டிருந்த மூளையின் அலறல். அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன்: முதல் மாதத்தில் மனம் எழுதும் எந்தத் தீர்ப்பிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வேலையை விடுவது, மனைவியைப் பிரிவது, ஊரை விட்டுப் போவது என்று எது தோன்றினாலும் ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அந்த 6 சதவீதத்தினரையும் மறந்துவிட வேண்டாம். ஒரு மாதம் கடந்தும் சோர்வு விலகாதவர்களுக்கு அது தனி நோய். தனிச் சிகிச்சை அவர்களுக்கு வேண்டும்.

குரங்கை நினைக்காதே

இனி எண்ணங்களுக்கு வருவோம். குடி நினைப்பு வந்தால் பலரும் செய்வது, அதை அமுக்குவது. "நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொள்வது. வீட்டிலுள்ளவர்களும் "அதை நினைக்காதீங்க, வேற எதையாவது நினைங்க" என்பார்கள். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதையை நம் பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த நோயாளி கடைசிவரை மருந்து குடிக்கவே இல்லை.

1987இல் டெக்சாஸில் டேனியல் வெக்னர் என்ற உளவியல் அறிஞர் இதையே சோதனையாகச் செய்து பார்த்தார். அவர் குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கரடியை எடுத்துக்கொண்டார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்துவிட்டால் மணியை அடியுங்கள் என்றார். மாணவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். இன்னும் முக்கியமானது அடுத்து நடந்தது. இப்போது தாராளமாக நினைக்கலாம் என்றபோது, முதலில் அமுக்கி வைத்தவர்களுக்கு, ஆரம்பம் முதலே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது.

2010இல் லண்டன் ஆய்வாளர்கள் இதைப் புகைபிடிப்பவர்களிடம் பார்த்தார்கள். சிகரெட் நினைப்பை ஒரு வாரம் அமுக்கச் சொன்னார்கள். அந்த வாரம் அவர்கள் குறைவாகவே புகைத்தார்கள். அடுத்த வாரம் மற்றவர்களைவிட அதிகமாகப் புகைத்தார்கள். "ஒரு வாரம் கட்டுப்பாடா இருந்தாரே, திடீர்னு என்ன ஆச்சு?" என்று வீடுகளில் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி இதற்குள் இருக்கிறது.

எண்ணம் வருவது குற்றமல்ல. இத்தனை ஆண்டுகள் தினமும் மாலையில் ஒரே காரியத்தைச் செய்த மூளைக்கு அந்த மாலையில் அந்த நினைப்பு வரத்தான் செய்யும். "இதோ குடி நினைப்பு வந்திருக்கிறது" என்று அதற்குப் பெயர் சொல்லுங்கள். வந்ததை ஒப்புக்கொள்ளுங்கள். அது சொல்வதைச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"ஏன்" என்ற கேள்வியின் சுழல்

அமுக்குவது ஒரு தவறு என்றால், அதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறு இருக்கிறது. எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அசைபோடுவது.

சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த அசைபோடுதலை ஆராய்வதில் செலவிட்டவர். ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம், சோகமாக இருக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பதிவுசெய்து வைத்திருந்தார். இரண்டே வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியை லோமா பிரியட்டா நிலநடுக்கம் உலுக்கியது. அதற்குப் பின் அதே மாணவர்களை மறுபடி பார்த்தார். தன் சோகத்தைத் திருப்பித் திருப்பி அசைபோடும் வழக்கம் முன்பே இருந்தவர்கள், ஏழு வாரம் கழித்தும் மற்றவர்களைவிடச் சோர்வில் இருந்தார்கள்.

குடிநோயிலும் இது பொருந்துகிறது. இத்தாலியில் குடிநோய்ச் சிகிச்சை பெற்றவர்களை ஓராண்டு தொடர்ந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. சிகிச்சைத் தொடக்கத்தில் அசைபோடும் வழக்கம் எவ்வளவு அதிகமோ, பின்னால் மறுபடி குடிப்பதற்கான வாய்ப்பும் அவ்வளவு அதிகம் என்று அது கண்டது.

அசைபோடுபவர் சோம்பேறி அல்ல, பொறுப்பில்லாதவரும் அல்ல. தன் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முயல்வதாகவே அவர் நம்புகிறார். "நான் ஏன் இப்படி ஆனேன்? எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் விடை கிடைக்கும் என்று நினைக்கிறார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, தனியாக, தூக்கமில்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்பவருக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "ஏன்னா நான் மோசமானவன்."

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் வாட்கின்ஸ் இதற்கு ஒரு வழி காட்டினார். ஒரே துன்பத்தைப் பற்றி இரண்டு விதமாக யோசிக்கலாம். பொதுப்படையாக "ஏன்" என்று கேட்பது ஒன்று. என்ன நடந்தது, எப்போது, எங்கே, அடுத்து என்ன செய்யலாம் என்று குறிப்பாகக் கேட்பது மற்றொன்று. முதலாவது சோர்வை வளர்க்கிறது. இரண்டாவது கைக்கு வேலை தருகிறது.

எடுத்துக்காட்டு சொல்கிறேன். "என் பொண்ணு ஏன் என்கிட்ட பேச மாட்டேங்குறா?" என்பது சுழலும் கேள்வி. இதையே மாற்றிக் கேளுங்கள்: "அவள் நாளைக்கு எத்தனை மணிக்கு டியூஷன் போகிறாள்? நான் கூட்டிக்கொண்டு போய் விட முடியுமா?" இரண்டுமே அதே மகளைப் பற்றிய கவலைதான். ஒன்று உங்களைப் படுக்கையிலேயே கட்டிப்போடும், மற்றொன்று காலையில் எழுந்து சட்டை மாட்ட வைக்கும்.

ஏன் என்ற கேள்வியை நிரந்தரமாகத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதற்கும் காலம் வரும். குடி இல்லாமல் சில மாதங்கள் கடந்து, தூக்கம் சீராகி, ஓர் ஆலோசகர் எதிரே அமர்ந்திருக்கும்போது அதைக் கேளுங்கள்.

ஆக்ரன் நகரத்து ஓட்டல்

இதை வரலாற்றில் நடந்த ஒரு சம்பவத்தோடு பொருத்திச் சொல்கிறேன். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்திருந்தார் பில் வில்சன். குடியை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வந்த காரியம் தோல்வி. கையில் பணம் சொற்பம். தங்கியிருந்த மேஃபிளவர் ஓட்டலின் கூடத்தில் ஒருபக்கம் மதுக்கூடம், உள்ளிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்கின்றன. கூடத்தின் இன்னொரு பக்கத்தில் தொலைபேசி.

அவர் தன் எண்ணத்தோடு வாதம் செய்துகொண்டு அங்கேயே நிற்கவில்லை. தொலைபேசிப் பக்கம் நடந்தார். அந்த ஊர்த் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொடர்புகொண்டு, நான் பேசுவதற்கு இந்த ஊரில் குடியோடு போராடும் இன்னொருவர் வேண்டும் என்று கேட்டார். அடுத்த நாள் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம் பேசலாம் என்று வந்த டாக்டர் பாப், மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்னும் அமைப்பு அந்தச் சந்திப்பில்தான் பிறந்தது. 1957இல் அது இந்தியாவுக்கு வந்தது. இன்று நம் ஊர்களிலும் தேவாலயக் கூடங்களிலும் பள்ளி அறைகளிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயரை முழுதாகச் சொல்ல வேண்டியதும் இல்லை.

பில் வில்சன் அன்று செய்தது எவ்வளவு சிறிய செயல்! "நான் ஏன் தோற்றேன்?" என்பதற்கு அவர் விடை தேடவில்லை. அடுத்து யாரிடம் பேசுவது என்பதற்கு விடை தேடினார். அதே மனிதர், குடியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, 1940களின் நடுவிலிருந்து நெடுங்காலம் கடும் மனச்சோர்வில் வாடினார். அப்போதும் குடிக்கவில்லை. குடியை விட்டுவிட்டால் துயரம் வராது என்று யாரும் உங்களுக்கு வாக்குத் தர முடியாது. துயரம் வந்தபோதும் குடிக்காமல் இருக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

அன்றாடம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, குடிக்கும் தவிப்பு வரும் நேரம். சியாட்டிலில் பணியாற்றிய ஆலன் மார்லட் என்ற பேராசிரியர், மறுபடி குடித்தவர்களிடம் அது எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று விசாரித்தார். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சம்பவங்கள் மூன்று சூழல்களுக்குள் அடங்கின: மனவேதனை, வீட்டிலோ வெளியிலோ சண்டை, கூட இருப்பவர்களின் வற்புறுத்தல். தவிப்பு என்பது எழும், உச்சிக்குப் போகும், பிறகு தணியும் என்பதையும் அவர் சொல்லிக்கொடுத்தார். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அது உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். தொண்டையிலா, வயிற்றிலா, கைவிரல்களிலா? மூச்சைக் கவனித்தபடி அதைக் கூட இருந்து பாருங்கள். குடித்தால்தான் இது அடங்கும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தீர்கள். குடிக்காமலேயே அது அடங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த முறை பயம் குறையும்.

இரண்டாவது, பசி, கோபம், தனிமை, களைப்பு. ஏ.ஏ. நண்பர்கள் அடிக்கடி சொல்லும் நான்கு இவை. கறுப்பு எண்ணம் வந்ததும் அதை ஆராயத் தொடங்காமல், இந்த நான்கில் எது இப்போது எனக்கு இருக்கிறது என்று பாருங்கள். மாலை ஆறு மணிக்கு "வாழ்க்கையே வெறுப்பா இருக்கு" என்று தோன்றினால், மதியம் சாப்பிட்டீர்களா என்று முதலில் யோசியுங்கள். இரண்டு இட்லி சாப்பிட்ட பிறகும் அதே எண்ணம் இருந்தால் அப்புறம் அதைக் கவனிக்கலாம்.

மூன்றாவது, கவலைக்கு ஒரு நேரம். பென்சில்வேனியாவில் தாமஸ் போர்கோவெக் என்பவரும் கூட்டாளிகளும் 1983இல் பரிசோதித்த முறை இது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி. கடன், கேஸ், வேலை என்று எல்லாக் கவலையையும் அப்போது மட்டும் படுங்கள். மற்ற நேரத்தில் வந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துவைத்து, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுங்கள். நினைக்காதே என்று மனத்தைத் தடுத்தால் அது முரண்டு பிடிக்கும். அப்புறம் நினைக்கலாம் என்றால் ஓரளவு கேட்டுக்கொள்ளும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், அந்த இடம் உங்கள் படுக்கையாக இருக்கக் கூடாது.

நான்காவது, ஒரு நோட்டுப் புத்தகம். 1960களில் ஃபிலடெல்ஃபியாவின் மனநல மருத்துவர் ஆரன் பெக், நோயாளிகளின் மனத்தில் தாமாகவே சட்டென்று எழும் எண்ணங்களைக் கவனித்து, அவற்றை எழுதிப் பார்க்கும் சிகிச்சையை உருவாக்கினார். பின்னர் அதைப் போதை நோய்க்கும் கொண்டுவந்தார். மூன்று கட்டம் போடுங்கள். என்ன நடந்தது, மனம் என்ன சொன்னது, அடுத்து நான் என்ன செய்யலாம். "மளிகைக் கடைக்காரர் சில்லறையை எண்ணி எண்ணிப் பார்த்தார்" என்பது நடந்தது. "குடிகாரன்னு நினைச்சு என்னை நம்ப மாட்டேங்குறார்" என்பது மனம் சொன்னது. எழுதும்போதுதான் இரண்டும் வேறு வேறு என்று தெரியும். "ஒரு பீர்தானே", "உடம்பு வலிக்கு ஒரு கட்டிங்", "இத்தனை நாள் இருந்தாச்சே, இனி அளவா குடிக்கலாம்" என்று அனுமதிச் சீட்டு வழங்கும் எண்ணங்களையும் எழுதிவையுங்கள். அவை பத்துப் பதினைந்துதான் இருக்கும், திரும்பத் திரும்ப அவையேதான் வரும். முன்பே எழுதிவைத்தவரை அவை ஏமாற்றுவது கடினம்.

ஐந்தாவது, இரவு. குடிநோயிலிருந்து மீளும்போது தூக்கம் கெட்டுப்போவது வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடிக்கும். இது உங்கள் பலவீனம் அல்ல. இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்காருங்கள். மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சாதாரண வேலை செய்யுங்கள், தூக்கம் வந்ததும் திரும்பிப் படுங்கள். கடன் கணக்கையும் கல்யாணப் பேச்சையும் இரவு பத்து மணிக்கு மேல் முடிவு செய்வதில்லை என்று வீட்டில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

சறுக்கலும் அவமானமும்

ஒருமுறை குடித்துவிட்டால்? பலருக்கு இது நடக்கிறது. அப்போது வரும் எண்ணத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் கொடியதாகக் கருதுகிறேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்களே, அந்த எண்ணம். ஒரு குவார்ட்டரோடு நின்றிருக்க வேண்டியது, "இனிமே என்ன இருக்கு" என்ற நினைப்பால் ஒரு மாதக் குடியாகிவிடுகிறது. மார்லட் 1985இல் வெளியிட்ட நூலில் இதைத் தனியாகவே விளக்கினார். ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவது மது மட்டுமல்ல, அந்தச் சறுக்கலுக்கு மனம் தரும் விளக்கமும்தான் என்றார்.

வெள்ளம் பற்றிய பழமொழி வெள்ளத்துக்குச் சரி. குடியில் சாணுக்கும் முழத்துக்கும் நடுவில் ஒரு மனிதரின் வேலை இருக்கிறது, கல்லீரல் இருக்கிறது, பிள்ளைகளின் ஒரு பள்ளி ஆண்டு இருக்கிறது. நேற்றிரவு குடித்திருந்தால் இன்று காலையே ஆலோசகரைக் கூப்பிடுங்கள். என்ன நடந்தது, யாரோடு இருந்தீர்கள், அதற்கு முந்தைய மூன்று மணி நேரம் எப்படிப் போனது என்று சொல்லுங்கள். அந்தத் தகவல் உங்கள் சிகிச்சைக்குத் தேவை.

அவமானம் மனிதரைத் திருத்தும் என்று நம் சமூகம் நம்புகிறது. "சூடு சொரணை இருந்தா குடிப்பானா?" என்கிறோம். கனடாவின் வான்கூவரில் ஜெசிகா டிரேசியும் டேனியல் ராண்டில்ஸும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். ஏ.ஏ.வில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் தங்கள் பழைய குடியைப் பற்றிப் பேசச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பேசும்போது தோள் குறுகி, நெஞ்சு ஒடுங்கி, அவமானம் உடம்பில் அதிகமாகத் தெரிந்தவர்களுக்குத்தான் அடுத்த சில மாதங்களில் மறுபடி குடிக்கவும், அதிகமாகக் குடிக்கவும் நேர்ந்தது. சொரணை அவர்களுக்கு நிறையவே இருந்தது. அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

"நான் செய்தது தப்பு" என்பவர் அடுத்து ஏதாவது செய்ய முடியும். "நானே தப்பு" என்பவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஏ.ஏ.வின் 12 படிகளில் எட்டாவது, யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எடுப்பது. ஒன்பதாவது, அவர்களுக்கு மேலும் துன்பம் வராத வகையில் நேரில் ஈடு செய்வது. குற்ற உணர்ச்சியை அங்கே ஒரு வேலைப் பட்டியலாக மாற்றிவிடுகிறார்கள். அதை முதல் படியாக வைக்காமல் எட்டாவதாக வைத்திருப்பதையும் கவனியுங்கள். முதலில் நிற்கப் பழக வேண்டும், அப்புறம்தான் சுமை தூக்குவது.

வீட்டிலுள்ளவர்களுக்கு

தாய்மார்களே, உங்கள் வலி எனக்குத் தெரியும். அடியும் பட்டினியும் ஊர்ப் பேச்சும் பட்டவர்கள் நீங்கள். அவரை உடனே மன்னியுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அவர் தலைக்குள் இரவு இரண்டு மணிக்கு ஒலிக்கும் வாக்கியங்களில் பாதி, வீட்டில் யாரோ சொன்னவை. "நீங்க எங்க திருந்தப்போறீங்க", "நாய் வாலை நிமிர்த்த முடியுமா" போன்ற வாக்கியங்களைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். "சாயங்காலம் எத்தனை மணிக்கு வர்றீங்க? சேர்ந்து சாப்பிடலாம்" என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் வாயை முகராதீர்கள், சட்டைப் பையைத் துழாவாதீர்கள், நேராகக் கேளுங்கள். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்பிரம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கவே கூடாது. அதன் மேல் மது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து, தெரிந்துபோனால் உங்கள் மேலுள்ள நம்பிக்கையும் போய்விடும். அவர் ஒப்புதலோடு, மருத்துவர் சொன்னபடி கொடுத்தால் அது மருந்து. தவிப்பைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இன்று உண்டு.

உங்களுக்கும் இதே அசைபோடுதல் உண்டு. அவர் வரப் பத்து நிமிடம் தாமதமானால் உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன, அங்கே போங்கள். குடும்பமே சிகிச்சை பெற வேண்டும் என்பதை நம் ஊருக்கு எடுத்துக்காட்டியவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. "ஏன் எனக்கு இப்படி?" என்று கேட்க எல்லா நியாயமும் இருந்த ஒரு பெண், "அடுத்து என்ன செய்வது?" என்று கேட்டதன் விளைவு அந்த நிறுவனம்.

நிறைவாக

இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள் என்றும், அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை என்றும் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019இல் சொன்னது. உங்கள் தலைக்குள் ஓடுவது உங்களுக்கு மட்டும் ஓடவில்லை.

எண்ணங்கள் "செத்துப்போயிடலாம்" என்ற பக்கம் திரும்பினால், நான் சொன்ன எந்தப் பயிற்சிக்காகவும் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள், அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டெலி-மானஸ் எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

இன்று வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தவிப்பு வரும்போது கூப்பிட இரண்டு பேரின் எண்ணைச் செல்பேசியில் முதலில் வரும்படி பதிந்துகொள்ளுங்கள். அவர்களில் ஒருவராவது குடியை விட்டவராக இருக்கட்டும். இந்த அவையிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் போய்க் கேளுங்கள். கேட்கப்படுபவர்களே, எண்ணை மறுக்காமல் கொடுங்கள், நடுராத்திரியில் மணி அடித்தாலும் எடுங்கள். நாளைக்குக் குடிக்காமல் இருப்பதற்கான ஏற்பாட்டை இன்றைக்கே செய்துவைப்பதுதான் மீட்சி. அதைச் செய்யும் வலு உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது.